சம்மந்தி வழி

பதினோரு மணிக்கு இன்டர்வியூ. மணி பத்தேகால் ஆகிறது. பிரீனாவின் கம்ப்யூட்டரில் நெட் இல்லை.

வேறு யார் வீட்டில் நெட் இல்லையென்றாலும் ஒரு நியாயம் உண்டு. இது ராஜையன் வீடு. குலசேகரத்தில் நாற்பது வீட்டுக்கு நெட் கொடுக்கிறவர் அவர். கீழே நெட் சென்டர், மேலே வீடு, அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டியின் தலையில் ஒரு டிஷ். அவருடைய ஒரே மகள் நெட் இல்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் வெட்கக்கேடுதானே!

வேலை திருவனந்தபுரத்தில். ஒரு பெரிய கம்பெனியின் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிற வேலை. படித்து முடித்து இரண்டு வருஷமாக அப்பாவின் சென்டரில் ஆதார் அட்டைக்குப் பிரின்ட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், மூன்று சுற்றுத் தேர்வு தாண்டி வந்திருக்கிறாள். இது கடைசிச் சுற்று. ஸ்கைப்பில் முகம் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். விட்டால் போச்சு, பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மார்த்தாண்டத்துக்கு ஓடலாமென்றால் பஸ் பிடித்துப் போய்ச் சேரவே பதினொன்றரை ஆகிவிடும். செல்போன் நெட்டை நம்பினால் அது முகத்தைக் கண்டம் கண்டமாக வெட்டித்தான் காட்டும்.

"மழைல்லா, அதான்" என்றார் ராஜையன். காலையிலிருந்து போனில் கூப்பிட்ட அத்தனை வீட்டுக்காரர்களிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

பிரீனா, நெட்டில் அனுப்புகிற தகவல் பொட்டலம், அதாவது பாக்கெட், எந்த வழியாகப் போகிறது என்று காட்டுகிற கட்டளையைத் தட்டினாள். வரிசையாக விழுந்தது. முதலில் அப்பாவின் ரவுட்டர். அடுத்தது ஜான்ரோஸ் மாமாவின் ரவுட்டர். அதற்கடுத்து மறுபடியும் அப்பா. மறுபடியும் மாமா. அப்பா, மாமா, அப்பா, மாமா என்று திரை நிறைய இரண்டே பேர்.

ஜான்ரோஸ் மாமா என்பவர் ஜெனித்தின் அப்பா. ஜெனித் என்பவன் மஸ்கட்டில் இருக்கிறான், இன்னும் மூன்று வாரத்தில் வந்து பிரீனாவைக் கல்யாணம் செய்யப்போகிறான். மாமாவுக்கும் திருவட்டாறில் இதே தொழில்தான். மற்ற சம்மந்தக்காரர்கள் நிச்சயம் முடிந்ததும் பலகாரம் கொடுத்து அனுப்புவார்கள். இவர்கள் ஆளுக்கொரு டிஷ் வாங்கி, ரப்பர் மரங்களுக்கு மேலாக ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தினார்கள். ஒருத்தருக்கு வெளியிலிருந்து வருகிற நெட் லைன் படுத்துவிட்டால் மற்றவர் தாங்கிக்கொள்வாராம். நல்ல யோசனைதான்.

"அப்பா, நேத்து சாயங்காலம் ரவுட்டர்ல கைய வெச்சியளா?"

ராஜையன் கூரையைப் பார்த்தார். அப்படியென்றால் வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

நேற்று இரண்டு குடும்பமும் நாகர்கோவிலில் கல்யாண ஜவுளி எடுத்துவிட்டுச் சாயா குடிக்க நின்றது. "லைன்னா உங்களுக்க லைன்தான் சம்மந்தி. நம்மது என்னத்துக்கு?" என்று மாமா சொன்னார். "சே, உங்களுக்க லைனுக்கு முன்னால நம்மது ஒரு லைனா?" என்று அப்பா சொன்னார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் ரவுட்டரைத் திறந்து, இனிமேல் எல்லாம் சம்மந்தி வழியாகவே போகட்டும் என்று மாற்றிவைத்தார்கள். செய்கிற மரியாதையைச் சொல்லிக்காட்டலாமா? அதனால் இவர் அவரிடம் சொல்லவில்லை, அவரும் இவரிடம் சொல்லவில்லை.

ரவுட்டருக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது. இன்ன இடத்துக்குப் போகிறதை இன்னார் கையில் கொடு என்று வரிவரியாக எழுதியிருக்கும். கடைசி வரி முக்கியம்: மற்ற எந்த இடமானாலும் இவர் கையில் கொடு. அப்பாவின் அட்டவணையில் அந்த 'இவர்' மாமா. மாமாவின் அட்டவணையில் அந்த 'இவர்' அப்பா. பாக்கெட் பாவம், படிக்கத் தெரியாத இரண்டு தபால்காரர்கள் கையில் அகப்பட்ட கடிதம்போல, "நீங்க கொண்டுபோங்க", "சே, நீங்க கொண்டுபோங்க" என்று இரண்டு மாடிக்கும் நடுவே பறந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு கை மாறும்போதும் அதன் ஆயுசில் ஒன்று குறையும். நூற்றிருபத்தெட்டு தடவை மரியாதை வாங்கிவிட்டு அது செத்துப்போகும்.

"ரெண்டு சொடுக்குப்பா. நம்ம லைனுக்கே மாத்திருதேன்."

ராஜையன் ரவுட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வேண்டாம் கேட்டியா. அவரு வழிய வேண்டாம்னு வெச்சோம்னு ஆயிரும். ஒரு வேலை போனா இன்னொண்ணு வரும் மக்கா. சம்மந்தம் போனா?"

பிரீனாவுக்குக் கண்ணீர் முட்டியது; ஆத்திரம்தான் அதிகம். இரண்டு வருஷம்! "அப்பம் அவருக்கிட்டயே பேசுங்க" என்று மாமாவின் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சம்மந்தி, மோளுக்கு ஒரு இன்டர்வியூ. உங்களுக்க லைன் வழியா..."

"சே சே, மோளுக்க காரியம்லா! நல்ல லைன்ல போகட்டும். உங்களுக்கதுலயே விடுங்க."

"நல்ல லைன் உங்களுக்கதுதானே சம்மந்தி."

"அதெப்படி சம்மந்தி..."

போனிலும் அதே வட்டம். சமையலறை வாசலில் நின்ற அம்மா நேசம்மாள், "ரெண்டுபேரும் விளங்கிரும்" என்றாள். மணி பத்து நாற்பத்தைந்து. பிரீனா போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நான் பிரீனா. ஒரு காரியம் கேக்கட்டா? பெண்ணு வீட்டுலயிருந்து வந்தத மாப்பிள வீட்டுல திருப்பி அனுப்பலாமா?"

"ஐயோ, அது எவன் செய்வான்?"

"நீங்கதான் மாமா செய்யுதிய. நேத்து சாயங்காலத்துலயிருந்து எங்க வீட்டுலயிருந்து அங்க வந்த அத்தனையையும் வந்த வாசல்லயே திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கிய. ஒண்ணுகூட மிச்சம் இல்ல."

ராஜையன் வாயைப் பிளந்தார்.

"எனக்க கர்த்தாவே! திருப்பி அனுப்புதேனா? நானா? நாலுபேரு அறிஞ்சா நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்?" நாற்காலி உருளுகிற சத்தமும் கீபோர்டு அலறுகிற சத்தமும் கேட்டன. "மாத்திட்டேன் மோளே! எல்லாம் இனி எனக்க லைன் வழியா வெளிய போவும். ஒண்ணும் திரும்பாது!"

பிரீனா ஓடிப்போய் மறுபடியும் தட்டினாள். முதல் வரியில் அப்பா. அதற்குக் கீழே வரிக்கு வரி நட்சத்திரம்தான். பதிலே இல்லை. மணி பத்து ஐம்பத்திரண்டு.

"மாமா, வேற என்ன செய்திய?"

"உங்க வீட்டுப் பக்கம் போற வரி ஒண்ணு கெடந்துது. அதையும் வேரோட அழிச்சுட்டேன்" என்றார் மாமா, பெருமை பொங்க.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. "மாமா, அது இல்லேன்னா இன்டர்வியூல அவ்வொ கேக்குற கேள்வி எனக்கிட்ட எப்படி வரும்? இங்கயிருந்து போறது போகட்டும். அங்கயிருந்து இங்க வாறதுக்கும் ஒரு வழி வேணும்லா?"

"அப்படியா? நான் போனா போனதுன்னு நெனச்சேன்."

அடுத்ததை அவள் சொல்ல நினைத்திருக்கவில்லை. குரல்தான் தானாக இறங்கியது. "கல்யாணம் கழிஞ்ச பொறவு ஒருநாள் எனக்கு அம்மைய பாக்கணும்னு தோணும் மாமா. அப்பமும் வழி வேணும். அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிரப்பிடாது."

நேசம்மாள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். ராஜையன் மறுபடியும் கூரையைப் பார்த்தார். இந்தத் தடவை அதற்கு அர்த்தம் வேறு.

ஜான்ரோஸ் நாற்காலியை மறுபடியும் இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "அதெல்லாம் என்னைக்கும் உண்டு மோளே. நீ நம்பர சொல்லு."

அவள் தங்கள் வீட்டு நெட்டின் நம்பரைச் சொன்னாள். அவர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி அடித்தார். "பாஸ்வேர்டு தாறேன், பொறவு நீயே உள்ள கேறி சரியான்னு பாத்துக்கோ" என்றும் சொன்னார். பத்து ஐம்பத்தெட்டுக்கு நெட் வந்தது. பதினோரு மணிக்குத் திரையில் இரண்டு பெண்கள் வந்தார்கள்.

நாலாவது கேள்வியாக, பாக்கெட் இரண்டு ரவுட்டருக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். பிரீனா சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள், ஜவுளிக்கடை முதல் அழித்த வரி வரை. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி, "எப்போது வந்து சேர முடியும்?" என்று கேட்டாள். கல்யாணம் முடிந்த மறுவாரம் என்றாள் பிரீனா.

மத்தியானம் மாமாவின் ரவுட்டருக்குள் நுழைந்து பார்த்தாள். அட்டவணை சரியாகத்தான் இருந்தது. பிரீனாவின் வீட்டுப் பக்கம் வருகிற வரிக்கு எதிரே, குறிப்பு எழுதுகிற கட்டத்தில் மாமா ஒரு விரலால் அடித்து வைத்திருந்தார்: "பிரீனா அம்மைய பாக்கப் போற வழி. யாரும் தொடப்பிடாது."

அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ராஜையன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டு, இரண்டாம் தடவையும் படித்தார்.

"நான் நேத்தே சொன்னேன்லா" என்றார். "சம்மந்திக்க லைன்தான் நல்ல லைன்."