கும்ஹியின் எண்

தேகு நகரத்து அடுக்குமாடி வீடொன்றில் கும்ஹி தன் மகன் தோக்யோமோடு தனியாக இருந்தாள். ஆட்டிசம் உள்ள தோக்யோம் வளர்ந்து ஆளாகிவிட்டான். பயந்துவிட்டால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். அதனால் பகல் நேரக் காப்பகம் அவனை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவன் வெளியே ஓடிவிடாமலிருக்க, கும்ஹி கதவை உள்ளிருந்தே பூட்டினாள். அவளும் கடைக்குக்கூடப் போகவில்லை.

போனில் விசாரித்த இடமெல்லாம் வேறு இடத்தைக் கைகாட்டியது. கடைசியாக ஓர் ஆலோசனை மையத்தில் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

"பெரிய பிள்ளைங்கள எடுத்துக்கிற இடம் இப்ப எதுவும் இல்லம்மா. ஆனா உங்க பகுதியில விவரம் தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க இருக்காங்க. எல்லாருக்கும் வழி சொல்வாங்க. நம்பர் தரட்டுமா?"

அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல, கும்ஹிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அது நான்தாம்மா. நாலு அம்மாக்களுக்கு வழி சொன்னேன்னு, என்னையே எனக்குக் குடுக்கிறியே!"

அந்தப் பெண் பதறிப்போனாள். "மன்னிச்சிருங்கம்மா. காலையில இன்னொருத்தருக்கும் இதத்தான் குடுத்தேன்."

கும்ஹி போனை வைத்ததுமே அது மறுபடி ஒலித்தது. "என் பொண்ணு இன்னும் பேசவே ஆரம்பிக்கலங்க. எங்க போறதுன்னே தெரியல..." என்று யாரோ ஒரு தாய் அழுதாள்.

கும்ஹி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அழாம மெதுவா சொல்லும்மா. நான் எங்க போயிடப் போறேன்?"