அறுநூற்று முப்பத்தேழு பேர் படிக்காத ஒன்பதாம் பக்கம்

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறீர்களா? பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காலையில் பல் தேய்க்கும்போது இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கிறவர்கள் இந்தக் கதையை நிம்மதியாகப் படிக்கலாம். ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள் முதலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

ஒரு சுகாதார ஆராய்ச்சி நிலையம். அங்கே ஒரு பெண்மணி, வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவதைப் பற்றி இருபத்தாறு வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 'பாத்ரூம் டாக்டர்' என்றுதான் நிலையத்தில் பேச்சு. ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். நாளாவட்டத்தில் போனை எடுத்தால் அவரே, "பாத்ரூம் டாக்டர் பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. அவருடைய அறை லிப்டுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. அலமாரியில் புத்தகத்தைவிட டைல்ஸ் துண்டுதான் அதிகம். சொரசொரப்பு, வழவழப்பு, சோப்புத் தண்ணீர் பட்டது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருக்கும்.

ஒருநாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். இயக்குநருக்கு இவரைவிடப் பத்து வயது குறைவு.

"உட்காருங்க மேடம். பேராசிரியர் பதவி ஒண்ணு காலியாகுது. உங்களுக்கு அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிடும். இதுதான் கடைசி."

"மூணு தடவை கைவிட்டுப் போச்சு சார். நாலாவதும் போனா ஒண்ணும் புதுசா இருக்காது."

"இந்தத் தடவை போகாது. ஐந்நூறு மேற்கோளுக்கு மேல வாங்கின கட்டுரை ஒண்ணு இருக்கணும்னு புது விதி போட்டிருக்காங்க. நம்ம நிலையத்துலயே உங்க ஒருத்தர்கிட்டதான் அது இருக்கு. அறுநூத்து நாப்பது."

"எனக்கா சார்? வேற யாரோடதையாவது பார்த்துட்டீங்களா?"

மேற்கோள் என்றால் என்னவென்று சொல்லிவிடுவோம். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு கட்டுரை எழுதினால், தங்களுக்கு முன்னால் யார் யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று கடைசியில் ஒரு பட்டியல் போடுவார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை வந்தால் உங்கள் கணக்கில் ஒன்று ஏறும். ஆயுள் முழுக்க உழைத்து இருபது முப்பது வாங்கினாலே மார்தட்டிக்கொள்ளலாம். நம் டாக்டர் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கட்டுரையை எழுதியபோது தெரிந்தவர்கள் ஒன்பது பேருக்குப் பிரதி அனுப்பினார். எட்டுப் பேர் பதிலே போடவில்லை. ஒன்பதாமவரிடமிருந்து, தான் விடுப்பில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. அதோடு டாக்டர் அந்தக் கட்டுரையைத் தலைமுழுகிவிட்டார்.

இப்போது கால் தரையில் பாவாமல் நூலகத்துக்குப் போனார். நூலகர் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும், பேச்சும் அதே காரம்.

"அறுநூத்து நாப்பதா? நம்ம பாத்ரூமுக்கா?" என்றார். "இருங்க, யார் யார்னு எடுத்துப் பார்ப்போம். கோயில் உண்டியல்ல தங்கம் விழுந்தாக்கூட யார் போட்டாங்கன்னு பார்க்கறது நல்லது."

முதல் இருபது கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தார். டாக்டர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து படித்தார். முதல் கட்டுரையில், 'ஒற்றைக்காலில் நின்று பல் தேய்த்தால் முதியவர்கள் விழுவது குறையும் என்று நிரூபிக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, பக்கத்தில் இவருடைய கட்டுரையைக் காட்டியிருந்தது. இரண்டாவதிலும் அதேதான். ஏழாவது வந்தபோது டாக்டரின் முகம் அலமாரியில் இருக்கும் வழவழப்பு டைல்ஸ் மாதிரி வெளிறிவிட்டது.

"என்ன மேடம், திட்டியிருக்காங்களா?"

"திட்டியிருந்தாத் தேவலை. பாராட்டியிருக்காங்க. நான் சொல்லாததைச் சொன்னேன்னு பாராட்டியிருக்காங்க."

நடந்தது இதுதான். டாக்டர் தன் கட்டுரையை, 'ஒற்றைக்காலில் நின்று பல் தேய்த்தால் விழுவது குறையும் என்று பரவலாக நம்பப்படுகிறது' என்று ஆரம்பித்திருந்தார். பிறகு இருநூற்றுப் பதினான்கு முதியவர்களைப் பிடித்து, பாதிப் பேரை ஒற்றைக்காலிலும் பாதிப் பேரை இரண்டு காலிலும் ஆறு மாதம் பல் தேய்க்க வைத்தார். முடிவு ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: ஒரு பலனும் இல்லை. அதுமட்டுமா, ஒற்றைக்கால் கட்சியில் பதினோரு பேர் வாஷ்பேசின் முன்னாலேயே விழுந்தார்கள். ஆனால் அந்தப் பத்திரிகையில் முதல் பத்தியைத்தான் சும்மா படிக்கலாம். மீதிக்குச் சந்தா கட்டவேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் முதல் வரியைப் பார்த்துவிட்டு அதையே முடிவு என்று எழுதிவைத்தார். அடுத்தவர் அவரைப் பார்த்து எழுதினார். அதற்கடுத்தவர் இவரைப் பார்த்து. பன்னிரண்டு வருடம் இப்படியே கைமாறி வந்திருக்கிறது.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். வாஷ்பேசின் முன்னால் அவருடைய நாத்தனார், கணவரின் அக்கா, கொக்கு மாதிரி நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரிக்கு முன்னாலேயே பல் தேய்த்து முடித்துவிடுவது அவர் வழக்கம்.

"அண்ணி, காலைக் கீழ வைங்க."

"இரு, இன்னும் இருபது எண்ணணும்."

"யாரு சொன்னா இப்படி நிக்கச் சொல்லி?"

நாத்தனார் நுரையைத் துப்பிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து நீட்டினார். பிசியோதெரபிஸ்ட் கொடுத்ததாம். ஒற்றைக்காலில் ஒரு பாட்டி சிரித்தபடி நிற்கும் படம். அடியில் பொடி எழுத்தில் டாக்டரின் கட்டுரை.

"உன் பேரைப் பார்த்தவுடனே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், இது எங்க வீட்டு மருமகள்னு. கட்டணத்துல குறைச்சலா வாங்கினா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"நான் அப்படி எழுதவே இல்ல அண்ணி. பலன் இல்லைன்னுதான் எழுதினேன்."

"எத்தனை பேர் உன்னை எடுத்து எழுதியிருக்காங்க?"

"அறுநூத்து நாப்பது."

"அறுநூத்து நாப்பது பேர் பலன் இருக்குங்கறாங்க. நீ ஒருத்தி இல்லைங்கறே. நான் கணக்கு டீச்சர்மா. எந்தப் பக்கம் நிக்கணும்னு எனக்குத் தெரியும்."

"அந்த அறுநூறு பேரும் நான் சொன்னேன்னுதானே சொல்றாங்க."

"அப்ப நீயே உன்னை நம்பலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

நாலாம் நாள் நாத்தனார் தடுமாறி, துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்தார். கம்பி சுவரோடு பெயர்ந்து வந்தது. நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "நான் நிமிர்ந்து நிக்கலை, அதான்" என்றார். டாக்டர் ஆள் வைத்து உறுதியான கைப்பிடி போட்டுக் கொடுத்தார். அன்று முதல் நாத்தனார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார்.

அந்தச் சிராய்ப்பைப் பார்த்தபிறகு டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. திருத்தம் போடச்சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினார். 'தங்கள் கட்டுரையில் பிழை ஏதும் இல்லை. ஆகவே திருத்தம் வெளியிட இயலாது' என்று பதில் வந்தது. மிச்சம் இருந்தது பதவி விண்ணப்பம்தான். அதில் ஏழாவது கேள்வி, 'உங்கள் ஆய்வால் சமூகம் அடைந்த பயன்.' உண்மையை எழுதினால் பதவி போகும். எழுதாவிட்டால் இன்னும் எத்தனை முழங்கைகளோ. இரண்டு நாள் பேனாவைக் கடித்தபின், 'பயன் இல்லை. எடுத்தாண்டவர்கள் தவறாக எடுத்தாண்டிருக்கிறார்கள். விவரம் ஒன்பதாம் பக்கத்தில்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இயக்குநர் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். பதவிக்குத் தானே கொள்ளி வைத்துவிட்டோம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"உங்களைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ரெண்டு வருஷமா ஒத்தக்கால்லதான் பல் தேய்க்கறேன்."

"ஐயா, தயவுபண்ணி நிறுத்திடுங்க. என் கட்டுரை அதுல பலன் இல்லைன்னுதான் சொல்லுது. விண்ணப்பத்துல ஏழாவது கேள்வியில எழுதியிருக்கேனே."

தலைவர் வலப்பக்கத்து உறுப்பினரைப் பார்த்தார். அவர் காகிதத்தைப் புரட்டாமலே, "ஏழாவதுக்கு மதிப்பெண் கிடையாது சார். நாலாவதுக்குத்தான். அதுல எண்ணிக்கை சரியா இருக்கு" என்றார்.

"அப்ப அறுநூத்து நாப்பது பேரும் தப்பா மேடம்?" என்று கேட்டார் இடப்பக்கத்தவர்.

"அறுநூத்து முப்பத்தேழு பேர் சார். எல்லாத்தையும் எடுத்துப் பார்த்துட்டேன். மூணு பேர் சரியா எழுதியிருக்காங்க."

"யாரு அந்த மூணு பேர்?"

"அதுல ரெண்டு நான் எழுதினது."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவ்வளவு சாதித்தும் என்ன அடக்கம் பாருங்கள் என்று தலைவர் உருகிப்போனார். பத்தாம் நாள் நியமன உத்தரவு வந்தது. உண்மையை எழுதியும் பதவி போகவில்லை. யாராவது படித்தால்தானே போகும்?

டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிட்டார். இருபத்தாறு வருடம் லிப்டுச் சத்தம் கேட்டவர், எத்தனை முறைதான் வேண்டாம் என்பார்? ஆனால் புது அறையில் உட்கார்ந்ததும், அந்த அறுநூற்று முப்பத்தேழு பேருக்கும் காரமாக ஒரு கடிதம் எழுதினார். 'முழுவதும் படிக்காமல் எடுத்தாள்வது ஆராய்ச்சியாளருக்கு அழகல்ல' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். நூலகரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

நூலகர் கிராம்பை ஒதுக்கிக்கொண்டார். "சாட்டையடி மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க கட்டுரைக் கடைசியில நாப்பத்தொரு பேரைப் போட்டிருக்கீங்களே. நாப்பத்தொண்ணும் படிச்சதுதானா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எடுத்துட்டு வாங்க" என்றார்.

இரண்டு மதியம் ஆயிற்று. முழுதாகப் படித்திருந்தது பதினேழு. பதினோராவது கட்டுரை ஓர் அயல்நாட்டு ஆய்வாளருடையது. இரவு விளக்கு எரிந்தால் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அவர் கண்டதாக டாக்டர் எழுதியிருந்தார். இப்போது பார்த்தால், விளக்குக்குக் கீழே ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாராம். நர்ஸ் எழுந்து போனதும் விளக்கால் ஒரு பயனும் இல்லையாம்.

டாக்டர் கூனிக்குறுகி அந்த மனிதருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். தானே திருத்தம் போடச் செய்வதாகவும் சொன்னார். நாலு நாளில் பதில் வந்தது.

'மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, உங்கள் நேர்மைக்கு நன்றி. அந்த வரியை உங்களிடமிருந்து எடுத்து, என் கட்டுரையை மேற்கோள் காட்டி இதுவரை ஐந்நூற்றுப் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு. வயது காரணமாக இதுவே கடைசி வாய்ப்பு. அதுவரை எதையும் திருத்தாமல் இருப்பீர்களா?'

அதை மூன்று முறை படித்தார். 'நல்லபடியாக நடக்கட்டும். அதற்கு அடுத்த நாள் திருத்தம் அனுப்புவேன்' என்று பதில் போட்டார். பிறகு தன்னுடைய காரமான கடிதத்தைத் திறந்து, இனி தன்னால் சொல்ல வாய் வராத வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். ஒன்றரைப் பக்கத்தில் மிஞ்சியது ஒரே வரி: 'இணைத்துள்ள ஒன்பதாம் பக்கத்தைத் தயவுசெய்து பார்க்கவும்.' பக்கத்தையும் இணைத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

இருநூறு கடிதம் முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. தொண்ணூறு பேர் விடுப்பில் இருந்தார்கள். பதினாலு பேர் பேராசிரியர் ஆனதற்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஒரே ஒருவர், படித்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது, எங்கள் மருத்துவமனையில் அந்தத் துண்டுத்தாளை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தார். டாக்டர் அதை அச்செடுத்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியில் மேற்கோள் அறுநூற்று ஐம்பத்திரண்டு ஆகியிருந்தது.

உங்கள் கதையையும் சொல்லுங்கள். டாக்டர் சொன்னார், பேப்பரில் போட்டான், பக்கத்து வீட்டில் பலித்தது என்று நீங்கள் எதையெல்லாம் நம்பி எப்படியெல்லாம் நின்றிருக்கிறீர்கள்? விழுந்தீர்களா, தப்பித்தீர்களா? ஒளிக்காமல் எழுதி அனுப்புங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசிப் பக்கம் வரை படிக்க இங்கே ஆள் இருக்கிறது.