பச்சை இரத்தம்

கேள்வியைத் திறந்த மூன்றே நொடியில் ஜெசிந்தா பதில் போட்டிருந்தாள். பதினோராவது நாளாக.

பள்ளியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர் ஆடும் கைபேசி விளையாட்டு அது. செங்கல்பட்டில் ரெஜினா, படூரில் ஜெசிந்தா, பொத்தேரியில் சுஷ்மிதா. தினம் ஆளுக்கொரு கேள்வி, நான்கு விடைகளோடு, மற்ற இருவருக்கும் அனுப்ப வேண்டும். சுஷ்மிதாவின் கேள்விகளில் ஜெசிந்தா தடுமாறுவாள். ரெஜினாவின் கேள்விக்கு மட்டும் மூன்று நொடி.

அந்த விடைகள் முன்கூட்டியே தெரிந்த ஒரே ஆள் ரெஜினாவின் கணவன் ஜான்சன். சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கேள்வி என்று கேட்பான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவாள். கடற்கரையிலிருந்து ஐஸ் வண்டியில் மீன் ஏற்றிப் போகிறவன். தினமும் படூர் வழியாக. ஜெசிந்தாவும் அவனும் என்று தொடங்கிய நினைப்பை ரெஜினா முடிக்கவில்லை, விடவும் இல்லை.

அவன் குளிக்கும்போது போனைத் துழாவினாள். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாதது சந்தேகத்தைக் கூட்டியது. மீன் வாடை போக இரண்டு முறை சோப்புப் போடுவது அவனது பத்து வருஷப் பழக்கம். இப்போது அந்தத் தண்ணீர்ச் சத்தத்தையும் சந்தேகத்தோடு கேட்டாள்.

மறுநாள் பொறி வைத்தாள். ஆக்டோபஸின் இரத்தம் என்ன நிறம்? உண்மையில் நீலம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று எழுதி, வேண்டுமென்றே பச்சையைச் சரியென்று குறித்தாள். ஜான்சனிடமும் பச்சை என்றாள். அவன் டம்ளரை வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். பிறகு எழுந்து போனான்.

அடுத்த நாள் மதியம் பதில்கள் வந்தன. சுஷ்மிதா, கறுப்பு. ஜெசிந்தா, பச்சை. மூன்று நொடி.

உடனே ஜெசிந்தாவை அழைத்தாள். பச்சை என்று யார் சொன்னது?

"இன்னாடி பச்சை?" ஜெசிந்தா சிரித்தாள். "உன் கேள்விய எங்க நான் படிச்சேன்? சரியானத எப்பவும் மூணாவதாத்தான வெக்கிற. பாக்காமயே அமுக்கினு கீறேன்."

ரெஜினா பழைய கேள்விகளைத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாமே மூன்றாவதுதான். அவள் கை அவளுக்கே தெரியாமல் செய்துவந்த காரியம். நிம்மதி வர வேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. அதற்கும் அடியில், சந்தேகம் பொய்த்துப்போனதில் துளி ஏமாற்றம். அதை யாரிடம் சொல்ல?

சாயங்காலம் ஜான்சன் டீயைக் குடித்து முடிக்கும்வரை கேள்வி எதுவும் கேட்கவில்லை. பிறகு சொன்னான்.

"ஆக்டோபஸ்னா பேய்க்கணவாய்தான, ரெஜி? தெனம் ஏத்தி எறக்கறேன். அது ரத்தம் நீலம்னு எனக்குத் தெரியாதா? நீ எதுக்குப் பொய் சொன்னேன்னுதான் வண்டி ஓட்டிகினே ரோசன பண்ணேன்." துண்டை எடுத்துத் தோளில் போட்டான். "படூர் தாண்டறப்போ புரிஞ்சிது."

குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது. மேசையில், அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக, அவனுடைய போன் பூட்டுத் திறந்து கிடந்தது.