பாலம் பிடித்த தாளம்

பாலக்கரையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பேண்டு செட் இன்னாசிராஜ் அடி பிசகினான் என்று ஒருத்தனும் சொல்ல மாட்டான். முப்பத்திரண்டு வருஷமாகப் பெரிய ட்ரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். காய்ச்சலோடு அடித்திருக்கிறேன், கொட்டுகிற மழையில் அடித்திருக்கிறேன். என் கல்யாண ஊர்வலத்தில் ட்ரம் அடிக்க வந்தவன் சொதப்புகிறான் என்று மாலையும் கழுத்துமாக நானே வாங்கி அடித்தவன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைதான் போன ஆடியில் என் மகளுக்கு எமனாக வர இருந்தது.

திருவெள்ளறையைத் தாண்டி ஒரு கிராமம். அம்மன் ஊர்வலம். நாங்கள் எட்டுப் பேர் போயிருந்தோம். கிளாரினெட் என் தம்பி அருள்ராஜ். பித்தளைத் தட்டு என் மகள் சகாயராணி. கைலாசபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்களோடு கிளம்பிவிடுவாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. பாலக்கரைச் சந்தில் வளர்ந்த பிள்ளைக்கு எங்கே தெரியும்?

கிளம்பும்போதே பூசாரி பெரியண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஆத்தாவைக் கிளப்பினா திரும்பி வந்து உக்கார்ற வரைக்கும் மேளம் நிக்கக் கூடாதுங்க. வாய்க்கா பாலத்து நடுவுல ஆத்தா முகம் பாக்கும். அப்ப நல்லா அழுத்தி அடிக்கணும்."

முகம் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். சப்பரத்தைச் சுமக்கிறவர்கள் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, மேளத்துக்குச் சரியாக அதை இடமும் வலமும் சாய்த்து ஆட்டுவார்கள். அம்மன் இரண்டு பக்கத்துத் தண்ணீரிலும் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளுமாம். கூட்டமும் கூடவே கால் மாற்றி ஆடும். கல்பாலம் இருந்தவரை ஒன்றும் இல்லை. அதை இடித்து இரண்டு வருஷமாகிறது, புதுசு இன்னும் எழும்பவில்லை. போக வரத் தற்காலிகமாக ஒரு தொங்குபாலம். இரண்டு இரும்புக் கயிறு, நடுவில் பலகை, அவ்வளவுதான். அதற்கு முந்தின வருஷம் கொரோனா மாதிரி ஏதோ காய்ச்சல் என்று திருவிழாவே நடக்கவில்லை. ஆகவே சப்பரம் அதில் ஏறுவது அன்றுதான் முதல் தடவை.

முன்னால் போன நானும் மற்ற ஆறு பேரும் அக்கரை சேர்ந்துவிட்டோம். நான் பாலத்தைப் பார்க்கத் திரும்பி நின்று அடித்துக்கொண்டிருந்தேன். சகாயராணியை மட்டும் பூசாரி சப்பரத்துக்கு முன்னாலேயே நிறுத்திக்கொண்டார். தட்டுச் சத்தம் ஆத்தா காதுக்குப் பக்கத்தில் கேட்க வேண்டுமாம். சப்பரத்தைச் சுமந்து நாலு பேர், பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள். கீழே கரை முட்டத் தண்ணீர். கொஞ்சம் தள்ளி மதகு பாதி திறந்திருந்தது, தண்ணீர் அங்கே சுழித்துக்கொண்டு உள்ளே போனது.

சப்பரம் இடம் சாய்ந்தது, வலம் சாய்ந்தது. நாலைந்து தடவை ஆனதும் பாலமும் ஒரு சாண் அசைந்தது.

"ஆத்தா இறங்கிட்டாடோய்!" என்று ஒருத்தன் கத்தினான். குலவை கிளம்பியது. அசைகிற பலகையில் விழாமல் நிற்க எல்லோரும் காலை அகட்டி, பாலம் போகிற பக்கமே சாய்ந்து சாய்ந்து மிதித்தார்கள். நானும் மடையன், குஷியில் இன்னும் ஓங்கி அடித்தேன். ஒரு சாண் ஒரு முழமாயிற்று. இரும்புக் கயிறு முனகியது.

அப்போதுதான் கவனித்தேன். என் குச்சி விழுந்தால் பாலம் இடது பக்கம் வருகிறது, அடுத்த அடிக்கு வலது பக்கம் போகிறது. சின்னப் பிள்ளைகூட நேரம் பார்த்துத் தள்ளினால் ஆள் உட்கார்ந்த ஊஞ்சலை உயரத்துக்கு அனுப்பிவிடும். இங்கே தள்ளுகிறவன் நான். ஊஞ்சலில் என் மகள்.

சாமியாவது வழக்கமாவது என்று சட்டென்று நிறுத்தினேன்.

பாலம் நிற்கவில்லை! தாளத்தை என்னிடமிருந்து வாங்கிக் கால்களிடம் கொடுத்துவிட்டது. அது இழுக்கிற பக்கம் அவர்கள் மிதிக்க, மிதிக்க மிதிக்க அது இன்னும் அதிகமாக இழுத்தது. "ஏன்யா நிறுத்தின? அடிய்யா!" என்று பெரியண்ணன் பாலத்திலிருந்து கத்தினார். நான் "ஆடாதீங்க, அப்படியே நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். குலவையில் யாருக்குக் கேட்கும்? ஒரு பலகை கழன்று தண்ணீரில் விழுந்து மதகுப் பக்கம் போனது. சகாயராணியின் கையிலிருந்த தட்டுகள் நழுவி விழுந்தன. இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அப்பா!" என்று அலறினாள்.

ஓடிப்போய்த் தூக்கலாம் என்று கால் துடித்தது. நான் ஏறினால் இன்னும் ஒரு ஜோடிக் கால், அவ்வளவுதான். அந்தக் கூச்சலுக்கு மேலே கேட்கக்கூடியது என் ட்ரம் ஒன்றுதான். தப்பாக அடிக்க வேண்டும், அவர்கள் கால் குழம்ப வேண்டும்.

அடித்தேன். மூன்றாவது அடியிலேயே கை பழைய இடத்தில் போய் விழுந்தது. மறுபடி மாற்றினேன், மறுபடி அங்கேயே விழுந்தது. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், சனியன், விடுவேனா என்றது. வாழ்க்கையில் எதற்கும் நான் அப்படிப் பயந்ததில்லை, என் கைக்கு நானே பயந்தேன். கடைசியில் மனசுக்கு வந்த பஸ் ஸ்டாப் பேரையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். பேருக்கு ஒரு அடி. "சத்திரம்… மெயின்கார்டுகேட்… ஜங்ஷன்… டோல்கேட்… திருவானைக்கோயில்…" நீளப் பேருக்கு அடி தள்ளி விழுந்தது, குட்டைப் பேருக்கு முந்தி விழுந்தது.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?" என்று அருள்ராஜ் என் தோளை உலுக்கினான். "பேசாத போடா!" என்று எரிந்து விழுந்தேன்.

சப்பரம் தூக்கினவர்கள் திணறினார்கள். ஒருத்தன் இடம் சாய, ஒருத்தன் வலம் சாய்ந்தான். எனக்குக் கெட்ட வார்த்தையில் திட்டு விழுந்தது, விழட்டும். பின்னால் நின்ற கூட்டம் ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துத் தடுமாறியது. முழம் சாணாயிற்று. சாண் நாலு விரலாயிற்று. அப்புறம் ஒவ்வொருத்தராக எங்கள் பக்கம் கரையேறினார்கள்.

சகாயராணி வந்து என் மேல் சாய்ந்தாள். நான் அத்தனை பேர் முன்னால் வாய்விட்டு அழுதேன்.

பெரியண்ணன் வந்த வேகத்தில் என் சட்டையைப் பிடித்தார். "ஆத்தாவை அசிங்கப்படுத்திட்டியேய்யா! நீயெல்லாம் ஒரு மேளக்காரனா?"

"கையை எடுங்க. இங்க வந்து பாருங்க" என்று சகாயராணி அவரைப் பாலத்தடிக்கு அழைத்துப் போனாள். கயிற்றைப் பிடித்திருந்த போல்ட்டில் நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், கூட்டத்தில் நின்ற தன் பேரப் பிள்ளைகளைப் பார்த்தார், மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோயிலுக்குத் திரும்ப ஜனங்களை ரோடு சுற்றிப் போகச் சொன்னார்கள். அம்மனை அந்த வழியாகக் கொண்டுபோக முடியாது, அடுத்த ஊர் எல்லையைத் தாண்டக் கூடாதாம். எவ்வளவு சொல்லியும் பெரியண்ணன் கேட்கவில்லை. நட்டை ஆனமட்டும் முறுக்கினார்கள். அவர் சப்பரத்திலிருந்து அம்மனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "மேளம் வேணாம். யாரும் சத்தம் போடாதீங்க. நான் மட்டும் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பாலத்தில் கால் வைத்தார்.

ஒவ்வொரு பலகையாக அவர் மெல்ல மிதித்துப் போனார். நடுப்பாலத்தில் அது லேசாக இடப் பக்கம் அசைந்தது. சகாயராணி திடீரென்று என் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். "அப்பா, வேணாம்ப்பா" என்றாள்.

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் ட்ரம்மின் விளிம்பில் அவருடைய நடைக்குச் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரியவே இல்லை. அவர் அக்கரை ஏறும்வரை அவள் என் கையை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை.