தாளின் ஒரு பக்கம்

விடியற்காலையில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டதும் காத்தமுத்து போர்வைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். வெளியே சிரித்தால் செவனம்மா சும்மா விடமாட்டாள். மழை பெய்தால் ரப்பர் மரத்துப் பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரம் முழுக்க வழிந்து வீணாகும். ஆகவே அன்றைக்குப் பால்வெட்டு இல்லை, தோட்டத்து வருகைப் பதிவில் யாருக்கும் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. ஆனால் காத்தமுத்து கணக்கப்பிள்ளை. பால் நிறுக்கும் மடுவத்தில் நின்று கணக்குப் போடுகிறவருக்கு மாதச் சம்பளம்.

"சிரிங்க, சிரிங்க. நாலு நாளா சட்டி கவுந்து கெடக்கு, ஒங்களுக்கு மட்டும் மழைன்னா பொங்கல்" என்றாள் செவனம்மா. அவள் பால் வெட்டுகிறவள். இருட்டிலும் புருஷனின் முகம் அவளுக்குத் தெரியும்.

மழைக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினவர்கள் ஊரில் பலர் உண்டு. மழைக்கு ஒதுங்கியே நாவலாசிரியர் ஆனவர், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் காத்தமுத்து ஒருவர்தான். வெயில் நாளில் அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மழை நாளில் ஜன்னலோரம் சாக்கை மடித்துப் போட்டு, மாவுப் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்துவிடுவார். தோட்டமே அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாட்களில்தான் 'ஈரப்பட்டை' நாவல் அத்தியாயம் அத்தியாயமாக வளர்ந்தது. இது அவருக்கு உறுத்தாமல் இல்லை. உறுத்திக்கொண்டேதான் எழுதினார்.

அதிலும் ஒரு பிடிவாதம். பத்திரிகைக்காரர்கள் எந்தக் காலத்திலோ போட்ட சட்டத்தை அவர் வேதமாக வைத்திருந்தார்: தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவேண்டும். மறுபக்கம் வெள்ளையாக விடவேண்டும். தாள் வாங்கவே காசுக்கு அலைகிற வீட்டில் இது அநியாயம் என்பது செவனம்மாவின் கட்சி. "பாதி நெலத்தத் தரிசாப் போட்டு வெவசாயம் பண்றவர ஒங்களத்தான் பாத்தேன்" என்பாள். "அச்சுக்காரங்களுக்கு அதுதான் முறை" என்பார் இவர். அச்சுக்காரர் ஒருவரையும் அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை.

நாவல் எழுதுவது மட்டுமா? கை எழுதப் பழகிவிட்டால் ஊர் சும்மா விடுமா? மரண அறிவித்தல், கல்யாண வாழ்த்துப்பா, தோட்டத் துரைக்கு மனு, காமன்கூத்துக்கு முன்னால் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வரவேற்பு, எல்லாம் அவர்தான். கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது பொலிஸ் வேலை. சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களிடம் தமிழ்க் கடிதம் இருந்தால், அதை வாசித்துச் சிங்களத்தில் சொல்ல ஸ்டேஷனில் ஆளில்லை. சார்ஜன்ட் விமலதாஸ மோட்டார் சைக்கிளை அனுப்புவார். காத்தமுத்து பின்னால் ஏறிப் போவார். வவுனியாவிலிருந்து வந்த கடிதத்தில் "இந்தப் பக்கம் வெடிச்சத்தம் ஓயல" என்று இருந்தால் "அந்தப் பக்கம் மழை ஓயவில்லை" என்று வாசிப்பார். "மகன் இயக்கத்துக்குப் போயிட்டான்" என்றிருந்தால் மகனைச் சவூதிக்கு அனுப்பிவிடுவார். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அப்படி அவர் வாயால் வீடு திரும்பியவர்கள் சிலர் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அவருடைய மிக நல்ல கதைகள் அங்கேதான் சிங்களத்தில் பிறந்தன, யாரும் எழுதி வைக்கவில்லை.

வாசிப்பென்றால் வேறு மாதிரி. பெரிய எழுத்தாளர்களை மரியாதையோடு அலமாரியில் வைத்துவிட்டு, படுக்கப்போகுமுன் அவர் கையில் எடுப்பது சாலி நானாவின் கடையிலிருந்து வாங்கிவரும் துப்பறியும் நாவல். பஸார் முனையில் பலசரக்கும் போட்டோ கொப்பி மெஷினும் வைத்திருந்த சாலி நானா, கொழும்பிலிருந்து கிலோக்கணக்கில் பழைய புத்தகம் கொண்டுவந்து சாமான் சுற்றுவார். சுற்றுமுன் காத்தமுத்துவுக்கு ஒரு வாசிப்பு. கொலை எந்தப் பக்கத்தில் விழும், கொலையாளி எப்போது இருமுவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து அந்த மழை நாளில்தான் நாவலின் செம்மைப்பிரதி முடிந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகக்காரர், பிரதியை அனுப்பினால் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். காத்தமுத்து பழைய அடித்தல் திருத்தல் தாள்களை எல்லாம் அள்ளிச் செவனம்மாவிடம் கொடுத்தார். விறகெல்லாம் ஈரம், அவளும் ஒரு சொல் சொல்லாமல் வாங்கி அடுப்பு மூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சாலி நானாவிடம் போட்டோ கொப்பி எடுத்து, திங்கட்கிழமை தபாலில் போடுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை விடியும்போது பொலிஸ்காரர்கள் தோட்டத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றிலும் ஏறி, தமிழில் கையால் எழுதிய எதைக் கண்டாலும் அரிசிச் சாக்கில் போட்டார்கள். ஜாதகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பி, கல்யாண மொய் எழுதிய புத்தகம், எல்லாம் போயிற்று. ட்ரங்குப் பெட்டியைத் திறந்த இளம் பொலிஸ்காரன் ஓரத்தில் நூல் கோத்துக் கட்டியிருந்த பெரிய கட்டைப் பார்த்ததும் ஏதோ பெரிய மீன் சிக்கியதுபோல விசில் அடித்தான்.

அன்று பகலே மோட்டார் சைக்கிள் வந்தது. புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டரின் மேசையில் 'ஈரப்பட்டை' கிடந்தது. பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது.

"உன் வீட்டில் எடுத்ததாம். என்ன இது?"

"கதை, மாத்தயா."

"இவ்வளவு பெரிய கதையா? சொல், கேட்போம்."

அதில் இருந்தது எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த ஒரு லயம். எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற காக்கிச்சட்டைகள். சாம்பலிலிருந்து எழுந்து வவுனியாவுக்குப் போன ஒரு குடும்பம், அங்கே அந்தக் குடும்பத்தின் பிள்ளைக்கு நடந்தது. எத்தனையோ பேருடைய கடிதத்தை மாற்றி வாசித்த வாய் இது; இன்றைக்குத் தன் சொந்த நாவலையே மாற்றி வாசிக்கவேண்டியிருந்தது. போன வாரம் வாசித்த துப்பறியும் நாவல் எங்கிருந்தோ வந்து கைகொடுத்தது.

"ஒரு பணக்காரர், மாத்தயா. ஒரே மகள். அவள் ஒரு ஏழை டொக்டரை விரும்புகிறாள். கல்யாணத்துக்கு முதல் நாள் பணக்காரர் பாயசம் குடித்துவிட்டுச் செத்துப்போகிறார்..."

பக்கங்களைப் புரட்டிப் புரட்டி வாசிப்பதுபோலச் சொன்னார். லயம் எரியும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, டொக்டரும் மகளும் கண்டி வாவியில் படகு விட்டதை விவரித்தார். சாம்பலைக் கிளறி ஒருத்தி பித்தளைக் குடத்தைத் தேடும் பக்கத்தில், துப்பறிவாளர் சுருட்டுப் பற்றவைத்தார். விமலதாஸ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சமையல்காரன்தானே கொன்றான்? எனக்கு முதலிலேயே தெரியும்."

"ஆமாம் மாத்தயா, சமையல்காரன்தான்."

இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்தார். "டெலி நாடகம் மாதிரி இருக்கிறது. சரி, போ."

"அப்படியானால் இதை எடுத்துக்கொண்டு போகட்டுமா, மாத்தயா?"

"சும்மா தரமுடியாது. திருப்பிக் கொடுப்பதென்றால் கொழும்புக்கு அனுப்பி, தமிழ் தெரிந்த அதிகாரி வரிக்கு வரி வாசித்து முத்திரை போடவேண்டும். அவ்வளவு வேண்டுமா உனக்கு? சொல், இன்றைக்கே அனுப்புகிறேன்."

காத்தமுத்து மேசையைப் பார்த்தார். கட்டின் மேல் அவரே போட்ட முடிச்சு இருந்தது. அதைத் தொடும் தூரத்தில்தான் அவர் கை இருந்தது.

"வேண்டாம் மாத்தயா. பொழுதுபோகாமல் எழுதியது."

வீட்டில் செவனம்மா அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள். ஒரு நாளும் அந்த நாவலில் ஒரு வரி வாசிக்காதவள், அடுப்படியில் போய் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "அடுப்புல போட்டதயாச்சும் வச்சிருக்கலாமே, பாவி நானு" என்றாள். திரும்ப எழுதலாமென்று அவரும் மாவுப் பலகையை எடுத்துப் பார்த்தார். எழுத உட்கார்ந்தால் பணக்காரரும் பாயசமும்தான் வந்தார்கள். சாலி நானா, "புதுசு ரெண்டு வந்தீக்கி, எடுத்துட்டுப் போங்களே" என்று கூப்பிட்டபோது, "வாணாம் நானா" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஒரு பெரிய மழை வந்துபோயிற்று. அவர் போர்வைக்குள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் கீழ் லயத்து வெள்ளையம்மாவைப் பொலிஸ்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். புருஷன் இல்லாதவள், ஒரே பெண்பிள்ளையோடு இருப்பவள். அவளுடைய பையில் வவுனியாவிலிருந்து தம்பி எழுதிய கடிதம் இருந்தது. காத்தமுத்து போனபோது ஸ்டேஷனின் நீள மர வாங்கில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஐயா வந்துட்டீங்களா. நல்லபடியா சொல்லுங்கய்யா. புள்ள இஸ்கூல் விட்டு வந்துரும்."

"பயப்படாத. இப்ப முடிஞ்சிரும்."

விமலதாஸ புதிய உத்தரவைச் சொன்னார். வாயால் சொன்னால் போதாது; கடிதத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும், இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தால்தான் ஆளை விடுவார். சொல்லிவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "தாள் முடிந்துவிட்டது. இதில் எழுது. பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது, நல்ல தாள்."

காத்தமுத்து தாளைத் திருப்பினார். சாம்பலைக் கிளறி ஒருத்தி பித்தளைக் குடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

'ஈரப்பட்டை'யைப் பிரித்துத் தாளாக்கியிருந்தார்கள். பிறகு தாளைக் கவிழ்த்து எழுதத் தொடங்கினார். தம்பி சுகம், அந்தப் பக்கம் மழை, சின்னவனுக்குக் காய்ச்சல். நாலு வரிக் கடிதம், முடித்திருக்கலாம். கை தானாகவே ஒரு சொல்லைப் பிழையாக எழுதியது. தானாகவேதான் என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"பிழைத்துவிட்டது மாத்தயா. வேறு தாள் கிடைக்குமா?"

"நிறைய இருக்கிறது" என்றார் விமலதாஸ, தாராளமாக.

பிழைத்த தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அடுத்த தாளில், லயத்துப் பிள்ளைகள் லொறியில் ஏறுகிறார்கள். அதிலும் மை கொட்டியது. இன்னொன்றில் தேதி தவறியது. இன்னொன்று. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயைத் திறக்காமல், ஒவ்வொன்றாக வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். தாள்கள் அவருடைய வியர்வையில் நனைந்து ஒட்டின. இத்தனை நாளில் முதன்முறையாக உள்ளே ஏதோ சந்தோஷம் போல இருந்தது. அதுதான் கொடுமை.

"என்னாங்கய்யா, கஷ்டமான கடுதாசிங்களா?" என்று வெள்ளையம்மா வாங்கிலிருந்து கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா."

வாசலில் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. விமலதாஸ எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். இன்ஸ்பெக்டர் கேகாலைக்குக் கிளம்பிவிட்டார், இனி நாளைக்குத்தான் வருவார். அதுவரை ஆளை விடமுடியாது. காத்தமுத்து அவசர அவசரமாக ஒரு தாளில் பிழையில்லாமல் எழுதிக் கையொப்பமிட்டார். அந்தத் தாள் பைலுக்குள் போயிற்று. அதன் மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"புள்ள தனியா இருக்குமேய்யா" என்றாள் வெள்ளையம்மா. அழவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

பிள்ளையைச் செவனம்மா வீட்டுக்குக் கூட்டிவந்து ரொட்டி சுட்டுக் கொடுத்துப் படுக்க வைத்தாள். "நாலு வரிக் கடுதாசிக்கா இம்புட்டு நேரம்?" என்று கேட்டபடி அவருடைய சட்டையைத் துவைக்க வாங்கினாள். தாள்கள் அவள் கையில் வந்தன. கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள், ஒரு பக்கம் பழைய மை, மறுபக்கம் புது மை. அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்; இதற்கு வாசிக்க வேண்டியிருக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இது பூராவும் வீடு வந்து சேர்றதுக்கு இன்னும் எத்தன பேரு அந்த வாங்குல குந்தணும்?"

அவள் தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் பீலிக்கரைக்குப் போனாள்.

மறுநாள் பகல் வெள்ளையம்மா வந்தாள். கண் வீங்கியிருந்தது. பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஒங்களாலதாங்கய்யா உசுரோட வந்தேன்." அவர் எழுந்து நின்று தானும் கும்பிட்டார்.

அதற்குப்பின் மழை பிடித்தது. பால்வெட்டு நின்றது. லயங்களில் சட்டி கவிழ்ந்தது. காத்தமுத்து ஜன்னலோரம் சாக்கில் உட்கார்ந்திருந்தார், மடியில் மாவுப் பலகை, அதன்மேல் சோற்றுப் பானையை வைத்துக் கசங்கல் எடுத்த அந்தச் சில தாள்கள். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குடத்தைத் தேடுகிறவள் தேடிக்கொண்டே இருந்தாள். அவர் வாசிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே, ரப்பர் மரங்களுக்குள் எங்கோ, மழைச் சத்தத்தின் ஊடே ஒரு மோட்டார் சைக்கிள் ஏறிவருவது கேட்டது. அடுப்படியிலிருந்து செவனம்மா தலையை நீட்டினாள். காத்தமுத்து அதற்குள் எழுந்து, சட்டையின் ஒரு கையை மாட்டியிருந்தார்.