இருபது நிமிடம் இதற்கு, இருபது நிமிடம் அதற்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். கிருமியால் நோய் வருகிறது என்று நடத்தும் பள்ளிகள், பயத்தால்தான் நோய் வருகிறது என்ற கொள்கையையும் அதே அளவு நேரம் நடத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வருகிறது. அறிவியல் டீச்சர் இருபது நிமிடம் இதை நடத்துகிறாள், இருபது நிமிடம் அதை. நானே சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.

(டீச்சருக்கு வாய்த்துடுக்கு அதிகம் வைத்திருந்தேன். "அப்ப வாய்ப்பாட்டுக்கும் ரெண்டு விடை வச்சிடலாமா சார்?" என்று கேட்கிறாள். தலைமையாசிரியர் அசராமல், "அதுக்குத் தனியா சுற்றறிக்கை வரணும் டீச்சர்" என்கிறார். இதை அடிக்க மனம் வரவில்லை.)

2

அன்று மதியம் கடும் தலைவலியோடு அவள்...

இல்லை, தலைவலி எதற்கு? அவளுக்கு அலுப்பு, அவ்வளவுதான். அந்த அலுப்பில், இரண்டு பாடத்தையும் எழுதியிருந்த நாற்பத்திரண்டு நோட்டுகளைத் திருத்தினாள். திருத்தினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. பக்கத்தைப் புரட்டி, சிவப்பு மையில் ஒரு சரி, ஓரத்தில் கையெழுத்து, அடுத்த நோட்டு.

3

சில நாள் கழித்து, ஒரு மாணவியின் அம்மா அந்த நோட்டுகளில் ஒன்றோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். அவளுடைய சின்ன மகளை நாய் கடித்திருந்தது. முதல் ஊசி மட்டும் போட்டிருந்தார்கள்.

"மிச்ச ஊசிக்குக் கூட்டிட்டுப் போகலையா?"

"ஊசின்னாலே நடுங்குறா டீச்சர். பயந்தாத்தான் வியாதியே வரும்னு பெரியவ படிச்சுக் காட்டினா. நீங்க சரி போட்டிருக்கீங்களே!"

நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள்.

டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினாள். "கடிச்சு எத்தனை நாளாச்சு?"

"இன்னையோட ஒம்பது."

"அது பொய்ம்மா. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

"பொய்யா? அப்ப எதுக்கு டீச்சர் சரி போட்டீங்க?"

பக்கத்து மேசையிலிருந்து தலைமையாசிரியர், "ரெண்டு கருத்தும் இருக்கும்மா. பெத்தவங்க நீங்க, பாத்து முடிவு பண்ணுங்க" என்றார்.

அம்மா வீட்டுக்கு நடந்தாள். டீச்சர் வகுப்பைப் போட்டுவிட்டுக் கூடவே போனாள். வழியெல்லாம் கெஞ்சினாள். வாசலில் குழந்தை பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தது.

"பாருங்க, நல்லாத்தானே இருக்கா?" என்றாள் அம்மா.

"ஊசியா?" என்று கேட்டுவிட்டுக் குழந்தை கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

4

[முதல் முடிவு: குழந்தை இறந்துவிடுகிறது. 'பயந்திருப்பாள்' என்கிறார்கள். கொள்கை ஜெயிக்கிறது.]

[இரண்டாம் முடிவு: மிச்ச ஊசி இல்லாமலே குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடிபட்ட எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லையே. அடுத்த வருடப் புத்தகத்தில் அவள் படம். கொள்கை ஜெயிக்கிறது.]

இரண்டாவதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. குழந்தை பிழைத்ததற்கு வருத்தப்பட்டேன் என்பது உறைத்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

இப்போது டீச்சர் தரையில் மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அம்மா தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. மணி நாலரை. ஐந்து மணிக்கு ஊசி போடும் அறையைப் பூட்டிவிடுவார்கள். என்னால் இதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. நீங்கள் எழுதுங்கள், கொஞ்சம் சீக்கிரம்.