ஞாயிறு மதியத்து அதிகாரம்

மரினஸ் கொடேயின் வீட்டில் வேளைக்கு ஓர் அதிகாரம். சாப்பிடும் முன் ஜெபம், சாப்பிட்டபின் வேதவாசிப்பு, அதற்குப்பின் நன்றி ஜெபம். அது முடியும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது, பசுமாடு கன்று போட்டாலும் சரி. முதல் பக்கத்தில் ஆரம்பித்து வரிசையாகக் கடைசிப் பக்கம் வரை போவார்கள். முடிந்த அடுத்த வேளையே மறுபடி முதல் பக்கம். யார் யாரைப் பெற்றான், கூடாரத்துக்கு எத்தனை கொக்கி, எந்தப் பறவையைத் தின்னக் கூடாது, ஒன்றையும் தாண்டக் கூடாது.

தாண்டுகிறவர்களைக் கண்டாலே மரினஸுக்கு ஆகாது. சபை மூப்பர் வேறு. போன வருஷம் ஒரு பிறந்தநாள் விருந்தில், புதிதாக வந்த இளம் போதகர் ஒரு வம்சப் பட்டியலை நைசாகத் தாண்டிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போனார். மரினஸ் கையிலிருந்த காப்பிக் கோப்பையை டக்கென்று வைத்தார்.

"ஏன் ஐயா, இந்தப் பேரையெல்லாம் பரிசுத்த ஆவியானவர் பொழுது போகாமலா எழுத வச்சாரு? ஒவ்வொரு எழுத்தும் கடவுள் மூச்சுவிட்டுச் சொன்னது. இதுல எது வேணும், எது வேணாம்னு பொறுக்குறதுக்கு இது என்ன சந்தையில முள்ளங்கியா?"

போதகர் திரும்பிப் போய் அத்தனை பெயர்களையும் வாசித்தார். அந்தக் கதை அவர்கள் வாழ்ந்த ஸீலாந்துத் தீவுகள் முழுக்கப் பரவியது. பரவுவதற்கு மரினஸும் தன்னால் ஆனதைச் செய்தார்.

இப்போது அவருக்கே வந்தது சோதனை. மகள் நெல்லாவுக்கும் கூஸ் பட்டணத்துக் கட்டட ஒப்பந்தக்காரர் டேக்கரின் மகன் கொர்நேலுக்கும் பிடித்துப்போயிற்று. பையன் தங்கமானவன். அப்பா டேக்கரும் பரவாயில்லை. அவர் கட்டிய வீடுகளில் சுவர் ஈரம் ஊறும் என்று ஒரு பேச்சு உண்டு, அவ்வளவுதான். சிக்கல் அம்மாவிடம்தான். டேக்கரம்மா யார் வீட்டுக்குப் போனாலும் சொந்தமாக ஒரு மெத்தைத் திண்டு கொண்டுபோவாள். அதைப் போட்டுத்தான் உட்காருவாள். ஒரு காப்பி குடிக்கும் நேரத்துக்குமேல் இருக்கமாட்டாள். "நம்ம நாற்காலியெல்லாம் மகாராணிக்கு ஆகாதாம்" என்று கூஸ் முழுக்கச் சொல்வார்கள். கொர்நேலுக்கு முன்பு பார்த்த ஒரு சம்பந்தத்தை, பெண்ணின் அப்பா மேசையில் கொச்சையாக ஏதோ சொன்னார் என்று அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து முறித்துவிட்டாள். அந்த அம்மா வரும் ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறாள். அவள் வாயிலிருந்து சரி என்று வந்தால் கல்யாணம், வராவிட்டால் இல்லை.

வெள்ளிக்கிழமை, மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே மரினஸ் மனதுக்குள் கணக்குப் போட்டார். மோசேயின் சட்டங்களில் இருக்கிறோம். இன்றைக்கு ஆசாரியர்களும் அவர்கள் செலுத்தும் பலிகளும். அப்படியே வேளைக்கு ஒன்றாகப் போனால் நாளை சாயங்காலம் தோல் வியாதி, வெண்குஷ்டம், ஞாயிறு காலை, பூசணம் பிடித்த வீட்டுச் சுவர். ஞாயிறு மதியம்... கையிலிருந்த புல்லுக்கட்டு நழுவியது. ஆண் உடம்பிலிருந்தும் பெண் உடம்பிலிருந்தும் என்னென்ன ஒழுகும், அது பட்ட படுக்கையை என்ன செய்வது, பட்ட நாற்காலியை என்ன செய்வது என்று ஒன்று விடாமல் சொல்லும் அதிகாரம்.

தாண்டலாமா? தாண்டினால் அந்தப் போதகர் முகத்தில் எப்படி விழிப்பது? போதகர் கிடக்கட்டும், ஆண்டவர் முகத்தில்? தாண்டாவிட்டால் மகள் முகத்தில்? அன்று ராத்திரி மரினஸ் தூங்கவில்லை. ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. மூப்பர் அல்லவா.

சனிக்கிழமை சாயங்காலச் சாப்பாடும் வாசிப்பும் முடிந்தபின், மனைவி தன்னெக்கே, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்த இறைச்சி உருண்டை சூப்பைப் பெரிய கிண்ணங்களில் ஊற்றி மேசையில் வைத்தாள்.

"இது என்ன, இந்த நேரத்துல?"

"உப்பு சரியா இருக்கான்னு பாருங்க."

"உப்பு பார்க்க ஒரு கரண்டி போதாதா?"

"அந்தம்மா வர்றா. நல்லா பார்க்கணும். ரொட்டியும் இருக்கு. ஜெபம் பண்ணுங்க."

ஜெபம் செய்தால் அது சாப்பாடு. சாப்பாடு என்றால் வாசிப்பு. மரினஸ் மனைவியைப் பார்த்தார். அவள் உப்புக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு வேளை கூடினால் ஒழுகும் அதிகாரம் ஞாயிறு காலையே வீட்டாரோடு முடிந்துபோகும். மதியத்துக்கு வருவது பாவநிவாரண நாள், வெள்ளாட்டுக் கடா, பிரதான ஆசாரியன். அருமையான அதிகாரம், எந்தச் சம்பந்தியம்மா முன்னாலும் வாசிக்கலாம். தான் ஒன்றும் தாண்டவில்லை, சூப் சாப்பிடுகிறோம், அவ்வளவுதானே! மரினஸ் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்து, இரண்டு கிண்ணம் குடித்து, கணீரென்று வாசித்தார். நெல்லா அப்போது மாடு கறக்கப் போயிருந்தாள். அவள் பங்கு சூப் அடுப்பிலேயே இருந்தது.

ஞாயிறு காலை ரொட்டிப் பெட்டி காலி.

"நேத்து ராத்திரி முழு ரொட்டி இருந்ததே!" என்றாள் தன்னெக்கே.

"பன்னிக்குப் போட்டுட்டேன்" என்றாள் நெல்லா. முகம் சிவந்திருந்தது. "பூசணம் மாதிரி தெரிஞ்சுது."

"முந்தாநாள் வாங்கின ரொட்டிடீ!"

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அக்கம்பக்கத்தில் கேட்பதும் முறையில்லை. மரினஸ் பால் பாத்திரத்தை மேசைக்கு இழுத்தார். "சரி, பால் இருக்குல்ல? பாலும் ஆகாரந்தான். உட்காருங்க, ஜெபம் பண்ணுவோம்."

"அப்பா, ரொட்டி இல்லாட்டி அது சாப்பாடில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? குடிக்கிறதுக்கெல்லாம் வாசிச்சா வயல் வேலை யார் பாக்குறதுன்னு?"

சொன்னவர் அவரேதான். அதற்குள் கோயில் மணி அடித்தது. மூப்பர்கள் முதலில் போய் நிற்க வேண்டும். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர் காதில் அடுக்களைப் பேச்சு விழுந்தது.

"ஏண்டி இப்படிப் பண்ணின?"

"ஒரு வேளை குறைஞ்சா மதியத்துக்குச் சுவர்ப் பூசணந்தானேம்மா வரும்? கொர்நேல் அப்பா கொஞ்சம் நெளிவாரு, போகட்டும். மத்ததுக்கு அது தேவலாமேன்னு..."

"அடிப்பாவி! சுவர்ப் பூசணத்தை நேத்தே சூப்போட முடிச்சாச்சுடி!"

அன்று பிரசங்கம் எதைப் பற்றி என்று மரினஸைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

டேக்கர் குடும்பம் காரில் வந்து இறங்கியது. ஓய்வுநாளில் கார் ஓட்டுகிறவர்களைப் பற்றி மரினஸுக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. அன்று, "வழியெல்லாம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். டேக்கரம்மா உயரமாக, வெளிறிப்போய் இருந்தாள். அக்குளில் திண்டு. அதை நாற்காலியில் போட்டு, சரிபார்த்து, மெல்ல உட்கார்ந்தாள். சூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேகவைத்த பேரிக்காயைப் பற்றியும் சொல்லவில்லை. கொர்நேல் தன் அம்மாவையும் நெல்லாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பால்கூழும் முடிந்தது. தன்னெக்கே இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று எல்லார் தட்டிலும் ஊற்றிப் பார்த்தாள். எவ்வளவுதான் ஊற்ற முடியும்? நெல்லா வேதத்தைக் கொண்டுவந்து அப்பா முன் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

மரினஸ் அடையாள நாடா இருந்த இடத்தில் திறந்தார். பெருவிரல் அந்தத் தாளின் ஓரத்தில் நின்றது. ஒரே ஒரு தாள். பால்கூழ் பட்டு ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? 'ஆண்டவரே, என் மகளைப் பாரும்' என்று மனதுக்குள் கெஞ்சினார். ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார் போலும். தாளைப் புரட்ட மரினஸின் கை வரவில்லை.

வாசித்தார். வரிகளின்மேல் தலைதெறிக்க ஓடினார். நாய் துரத்தினாலும் மனிதன் அப்படி ஓடமாட்டான். ஒழுகல், படுக்கை, சேணம், எச்சில், மண்பானை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விழுங்கினார். டேக்கர் இருமினார். கொர்நேலின் காதுகள் பீட்ரூட் நிறமாயின. பெண்களைப் பற்றிய பகுதி வந்தபோது மரினஸின் குரல் தேய்ந்து வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. முடித்து, பட்டென்று மூடி, நன்றி ஜெபத்துக்குக் கைகோத்தார்.

"நில்லுங்க" என்றாள் டேக்கரம்மா.

தன்னெக்கே கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு.

"கடைசிப் பகுதி சரியா கேக்கல. மறுபடி வாசிங்க."

குத்திக்காட்டுகிறாள் என்றே மரினஸ் நினைத்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டு வழக்கம் வரிசையா..."

"ஒரு பொம்பளைக்கு நாள் கணக்கு தாண்டியும் நிக்காமப் போனா என்னன்னு வந்துச்சே, அது. மெதுவா வாசிங்க."

"யோஹன்னா!" என்றார் டேக்கர். "சாப்பாட்டு மேசையில..."

"நீங்க சும்மா இருங்க. வீட்ல தினம் வேதத்துல சங்கீதப் பாட்டா வாசிச்சுட்டு இத மட்டும் எனக்குக் காட்டவே இல்ல." அவள் மரினஸ் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷமா எனக்கு அப்படித்தான். நிக்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட சொல்ல வாய் வரல. ஜெபத்துல சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு, கடவுள்கிட்ட போய் இதையா சொல்றதுன்னு. அடுத்தவங்க நாற்காலிய அசிங்கப்படுத்திடுவேனோன்னு இந்தத் திண்ட சுமந்துட்டு அலையறேன். இப்ப பார்த்தா, அந்த நாற்காலி வரைக்கும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்காமலே சிரித்தாள். தன்னெக்கே எழுந்தாள். நன்றி ஜெபத்துக்கு முன் அந்த வீட்டில் யாரும் எழுந்ததில்லை. எழுந்து போய் அவள் தோளில் கைவைத்து, "கூஸ்ல ஒரு பொம்பள டாக்டர் இருக்காங்க. நாளைக்கே போவோம், நானும் வர்றேன்" என்றாள்.

மரினஸ் வேதத்தைத் திறந்தார். எழுத்து கலங்கித் தெரிந்தது. போதகரையே திருத்தியவர், இரண்டு நாளாக இந்த ஓர் அதிகாரத்தை மட்டும் கடவுள் கை தவறி எழுத வைத்துவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தார்! வெட்கம் பிடுங்கித் தின்றது. வார்த்தை வார்த்தையாக, படுக்கையையும் நாற்காலியையும் விடாமல், கடைசியில் அவளுக்காக ஆசாரியன் செலுத்தும் இரண்டு புறாக்கள் வரை வாசித்தார். கூடவே, வரிசையில் இல்லாததை வாழ்நாளில் முதல்முறையாகச் சேர்த்துக்கொண்டார். "இதே வேதத்துல பின்னால ஒரு அம்மா வருவாங்க, இதே சங்கடத்தோட. கூட்டத்துல அவங்க ஆண்டவர் உடையத் தொட்டதுக்கு அவர் முகம் சுளிக்கல, சுகமாக்கினாரு."

டேக்கரம்மா காப்பிக்கும் இருந்தாள். இரண்டாவது காப்பிக்கும் இருந்தாள். சூப்பில் உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றும் சொன்னாள். கல்யாணத்தைப் பழ அறுவடைக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று அவளாகவே முடிவு செய்தாள்.

கார் கிளம்பும்போது நெல்லா திண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "அத்தை, இத மறந்துட்டீங்க!"

"மறக்கலடி" என்றாள் டேக்கரம்மா கண்ணாடியை இறக்கி. "அங்கேயே கிடக்கட்டும். இனி அடிக்கடி வருவேனே. அடுத்து என்ன அதிகாரம்னு உங்கப்பாகிட்ட கேட்டு வை."